கண்ணை இமைக்கவும்

இரவு பன்னிரண்டுக்குள் முடிக்காவிட்டால்
நாளைக் காலை கேட் திறக்காது.
ஆறாவது முறை வந்துவிட்டது அந்தக் குறுஞ்செய்தி,
ஆறாவது முறையும் 'அன்புள்ள கற்பவரே' என்று.

மணலி விரைவுச் சாலையில்
ட்ரெய்லர்கள் முட்டிக்கொண்டு நிற்கும் வரிசைக்குப் பக்கத்தில்
காஜா பாய் டீக்கடை பெஞ்சில்
நானும் லேஷிங் டில்லிபாபு அண்ணனும்
விரிசல் விட்ட அவர் போனும்.
மணி பத்து நாற்பது.

எனக்கு டேலி வேலை.
கண்டெய்னர் எண்களைத் தப்பில்லாமல் எழுதுகிறவள் என்பதால்
போன வருஷம் ஒன்பது பேருக்கு நான்தான் படித்தேன்.
ஒன்பது முறை தீயை அணைத்தேன்.
ஒன்பது முறை ஏணியைச் சரியான கோணத்தில் சாய்த்தேன்.
ஜெயசீலி பேரில் தொண்ணூறு, சம்பங்கி பேரில் நூறு,
என் பேரில் மட்டும் எழுபத்தெட்டு.
அதற்குள் தலை வலித்துவிட்டது.

இந்த வருஷம் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள்.
முகம் கேட்கிறது ஆப்.
மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை
வட்டத்துக்குள் முகத்தை வைக்கவும்.
கண்ணை இமைக்கவும்.

அதனால் முகம் அவருடையது, விரல் என்னுடையது.
ரெண்டு ஷிப்டு இழுத்த முகம்.
இமைக்கச் சொன்னால் மூடிக்கொள்கிறது,
திறப்பதில்லை.
'தங்கள் கவனம் குறைந்துள்ளது' என்று
பாடம் நின்றுபோகிறது.
டீ வாங்கிக் கொடுத்தேன். மூஞ்சியில் தண்ணீர் அடித்துக்கொண்டார்.
ஈர முகம் வேறொருவருடையது என்றது ஆப்.
துண்டால் துடைத்த பிறகுதான்
மறுபடி டில்லிபாபு ஆனார்.

பாடம் நடத்துவது ஒரு பெண் குரல்.
தாங்கள், மேற்கொள்ளுதல், ஆகவே...
எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையில் மட்டும்
புழங்குகிற தமிழ்.
"யாரும்மா இது, எந்தூரு?"
ஆளு இல்லண்ணா. மெஷின் பேசுது.
"அதான் பாத்தேன்.
பத்து நிமிசமாப் பேசுது,
ஒரு தபா மூச்சு வுடல."

ஏழாவது கேள்வி.
காற்றில் அமோனியா நெடி உணரப்பட்டால்
தாங்கள் முதலில் செய்ய வேண்டியது யாது?
நாலு பதில். 'ஆ'வை அமுக்கப் போனேன்:
காற்றின் திசைக்குக் குறுக்கே நகர்ந்து
மேற்பார்வையாளருக்குத் தெரிவித்தல்.

"இரு" என்றார். அன்றைக்கு முதல்முறை
முழுசாக முழித்திருந்தார்.
"துணிய நனைச்சு மூக்குல கட்டணும்.
புள்ளைங்களுக்கு மொதல்ல.
அப்பால பக்கத்து வூட்டுக் கதவத் தட்டணும்.
பின்வூட்டு ஆரோக்கியத்துக்குக் காது கேக்காது,
ஜன்னல்ல கல்லு வுடணும்.
எத்தினி ஆட்டோ கீதுன்னு பாக்கணும்."

எர்ணாவூர்க்காரர்.
எத்தனை தடவை என்று நான் கேட்கவில்லை.
மேற்பார்வையாளர்? என்று மட்டும் கேட்டேன்.
"அவரு அண்ணா நகர்ல கீறாரு.
அங்க காத்து வேற."

அ, ஆ, இ, ஈ.
கல் எங்கேயும் இல்லை.
ஆட்டோவும் இல்லை.
விநாடிகள் சிவப்பாகிக் குறைந்துகொண்டிருந்தன.
'ஆ'வை அமுக்கினேன்.
பச்சை டிக். கைதட்டும் சத்தம்.
யார் தட்டுகிறார்கள் என்று
கடைக்குள் திரும்பிப் பார்த்தார் அண்ணன்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்குச் சான்றிதழ்.
'டெல்லி பாபு', எண்பத்தைந்து சதவீதம்.
"டெல்லியா!" என்று சிரித்தவர்
அந்தச் சிரிப்போடேயே பெஞ்சில் சாய்ந்துவிட்டார்.

கீழே ஒரு காலிப் பெட்டி.
இப்பாடத்தை மேம்படுத்தத் தங்கள் ஆலோசனை.
ஒன்பது முறையும் அதைத் தாண்டிப் போனவள்தான் நான்.
இப்போது தட்டினேன்:
ஆரோக்கியத்துக்குக் காது கேட்காது.
ஜன்னலில் கல் எறிய வேண்டும்.

நன்றி, அன்புள்ள கற்பவரே.

என்னுடையது பாக்கி இருந்தது. எட்டு நிமிஷம்.
வரிசை ஒரு வண்டி நீளம் நகர்ந்து நின்றது.
என் போனை எடுத்து
வட்டத்துக்குள் முகத்தை வைத்தேன்.
இமைக்கவும், என்றது.
கண்ணைத் திரையில் பார்க்கவும், என்றது.

நான் எதிரே நின்ற ட்ரெய்லரின் தார்ப்பாய்
எந்தப் பக்கம் படபடக்கிறது என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.